டிக்லிப்பூர் வரை ஒரு சாலைப் பிரயாணம்: கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

பொங்கல் முடிந்ததும் நம் சங்கக் குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். ஊரிலிருந்து மாமியார் வருகிறார், மைத்துனர் குடும்பம் வருகிறது, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா பிள்ளைகள் வருகிறார்கள். செல்லுலர் சிறையும் கார்பின்ஸ் கோவ் கடற்கரையும் இரண்டு நாளில் தீர்ந்துபோகும். அப்புறம் எங்கே கூட்டிப் போவது? "டிரங்க் ரோட்டில் டிக்லிப்பூர் வரை போய் வந்தால் என்ன?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

தென்னக ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் டிப்ளமோ எஞ்சினியராகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷம் டிராலியில் போய்க் காலம் கழித்தவன் நான். ஓய்வு பெற்று மகள் வீட்டோடு இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தேன். ரயிலே இல்லாத ஊரில் ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கால அட்டவணை போடும் வேலைதான்! "மாமா, நீங்கதான் ரயில்வேயில இருந்தீங்களே, ஒரு பிளான் போட்டுக் குடுங்க" என்று கேட்காத குடும்பம் நம் தெருவில் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை ஒரே இடத்தில் எழுதிக் கொடுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டதால் இந்தக் கட்டுரை.

எந்த ஊரில் என்ன பார்க்கலாம் என்பதை யாரும் சொல்லிவிடலாம். இந்தச் சாலையில் அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வதுதான் என் நோக்கம்.

நாலாம் நம்பர் சாலை

நம் தலைமுறைக்குத் தேசிய நெடுஞ்சாலை 4 என்றால் சென்னையிலிருந்து பூந்தமல்லி, ராணிப்பேட்டை, பெங்களூர் வழியாகப் பம்பாய் போகும் சாலை. 2010-இல் நாடு முழுவதும் நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது அந்த நாலாம் எண் கடல் தாண்டி இங்கே வந்துவிட்டது. அதற்கு முன் நம் சாலைக்கு 223 என்று எண். எண் எதுவானாலும் இங்குள்ளவர்கள் வாயில் அது இன்றைக்கும் 'ஏ.டி.ஆர்.', அதாவது அந்தமான் டிரங்க் ரோடுதான். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியும் நாம் போர்ட் பிளேர் என்றே சொல்லிக்கொண்டிருக்கவில்லையா, அதைப் போல.

சிகாகோவில் இருக்கும் என் அண்ணன் மகன் அங்குள்ள 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகப் போவதாகப் போனில் சொல்லி, ஒரு மணி நேரம் அதன் பெருமையை அளந்தான். 1926-இல் ஏற்பட்ட சாலை அது. சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரையில் சாண்டா மோனிகா வரை சுமார் 3,900 கி.மீ. அகலமான புதுச்சாலைகள் வந்ததும் 1985-இல் அதை நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய ஞாபகத்துக்காக ஜனங்கள் இன்னும் அதில் போகிறார்கள். அந்தச் சாலையும் பல இடங்களில் பூர்வகுடி மக்களின் நிலத்தின் வழியாகத்தான் போகிறது என்றும், நியூ மெக்சிகோவில் அவர்களுடைய ஊர்களுக்குள் இஷ்டப்படி படம் எடுக்கக் கூடாது என்றும் அவன் சொன்னபோது எனக்கு நம் சாலை ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பழைய சாலைக்குப் பக்கத்திலேயே புதுச்சாலை இருக்கிறது. இங்கே தரை வழியாக வடக்கே போக இது ஒன்றே சாலை. 1970-களின் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்து, நின்று, மறுபடி ஆரம்பித்து, 1980-களின் கடைசியில்தான் முடிந்தது. தெற்கு அந்தமான், பாராடாங், மத்திய அந்தமான், வடக்கு அந்தமான் என்று நாலு தீவுகளை ஒரே கயிற்றில் கோத்த மாதிரி, முந்நூறு கிலோமீட்டர் சொச்சம் போகிறது.

போர்ட் பிளேரிலிருந்து டிக்லிப்பூருக்கு 240 கி.மீ. ரயில் பாதை போடும் யோசனை ஒன்று 2017-இல் பத்திரிகைகளில் அடிபட்டது. படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்றுவரை ஒரு ஸ்லீப்பர் கட்டைகூட வந்து இறங்கவில்லை. ஆகவே சாலைக்கே திரும்புவோம்.

ஒரு பிளாக் செக்‌ஷன்

போர்ட் பிளேரை விட்டு ஃபெரார்கஞ்ச் தாண்டி ஜிர்காடாங் வந்ததும் வண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே சோதனைச் சாவடி. பெயர், அடையாள அட்டை, வண்டி எண் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில்தான் கதவு திறக்கும். காலை ஆறு, ஒன்பது, நண்பகல், பிற்பகல் என்று ஒரு நாளைக்கு நாலு தடவை. முன்னே ஒரு போலீஸ் வண்டி, பின்னே ஒரு போலீஸ் வண்டி, நடுவில் எல்லோரும் கோவையாகப் போக வேண்டும். மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை சுமார் 49 கி.மீ.

ஒற்றைப் பாதையில் வேலை பார்த்த ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. அந்தக் காலத்தில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை உள்ள பகுதிக்கு பிளாக் செக்‌ஷன் என்று பேர். கையில் டோக்கன் இல்லாமல் எந்த டிரைவரும் அதற்குள் எஞ்சினை நுழைக்க மாட்டார். எவ்வளவு பெரிய அதிகாரி ரயிலில் இருந்தாலும் சரி, இரும்பு உருண்டை கைக்கு வரும்வரை வண்டி நிற்கும். காரணம், உள்ளே வேறு ஏதோ இருக்கலாம் என்ற எச்சரிக்கை.

இங்கே உள்ளே இருப்பவர்கள் ஜாரவா மக்கள். சாலையின் இரு பக்கமும் அவர்களுக்கென ஒதுக்கிய காடு, 1,000 சதுர கி.மீ.க்குச் சற்று மேல். 2011 மக்கள் தொகைக் கணக்கில் அவர்கள் 380 பேர். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காருகிற கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் ஓர் இனம் முழுவதும்.

1990-களின் பிற்பகுதி வரை அவர்கள் வெளியாரை எளிதில் நெருங்க விட்டதில்லை. 1996-இல் கதம்தலா பக்கம் கால் முறிந்து கிடந்த ஒரு ஜாரவாப் பையனைப் போர்ட் பிளேர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, பல மாதம் வைத்தியம் செய்து திருப்பி அனுப்பினார்கள். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து அவர்கள் தாமாகவே சாலைக்கும் குடியிருப்புகளுக்கும் வரத் தொடங்கினார்கள். பழகாத உடம்புகளுக்குப் பழகாத நோய்கள் கூடவே வந்தன. 1999-லும் 2006-லும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நம் குழந்தைகளுக்குப் பத்து நாள் காய்ச்சலும் வேப்பிலையுமாகப் போகிற நோய், அந்தக் கூட்டத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று நாம்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

யோசிக்க முடியாதவர்கள் பக்கத்திலேயே உள்ள உதாரணத்தைப் பார்க்கலாம். 1858-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியிருப்பு வைத்தபோது கிரேட் அந்தமானியர் எனப்படும் மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சண்டையிலும், அதைவிட அதிகமாக அம்மை போன்ற நோய்களிலும் அழிந்து, 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர். மிச்சமிருந்த அந்தச் சில குடும்பங்களைத்தான் பின்னால் ஸ்ட்ரெய்ட் தீவில் குடிவைத்தார்கள்.

2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஜாரவா வனத்தை ஒட்டியும் ஊடாகவும் போகும் பகுதிகளில் இந்தச் சாலையை மூட வேண்டும் என்று ஆணையிட்டது. நிர்வாகம் மறுபரிசீலனை கேட்டது; சாலை திறந்தே இருந்தது. 2012 ஜனவரியில், ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் ஒளிப்படம் லண்டன் பத்திரிகை ஒன்றின் மூலம் வெளிவந்து உலகமே முகம் சுளித்தது. அந்த வருஷமே பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் இந்தச் சாலையில் போகவே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, மார்ச்சில் அதை நீக்கியது. கடல் வழியாகப் பாராடாங் போக மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற பேச்சு வலுத்தது அப்போதுதான்.

சாலை போட்டவர் சொன்னது

இதெல்லாம் பத்திரிகையில் படித்த சமாசாரம். நேரில் கேட்டது ஒன்று உண்டு.

நம் சங்கத்து மூத்த அங்கத்தினர் ஒருவர், ராமநாதபுரம் ஜில்லாக்காரர், இருபது வயதில் கப்பலேறி வந்து இந்தச் சாலை வேலையில் ஜல்லி கொட்டியவர், பிறகு மேஸ்திரியானவர். இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. ஒரு கிருத்திகையன்று வெற்றிமலை முருகன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"ராத்திரி கூடாரத்தைச் சுத்தி புஷ் போலீஸ் துப்பாக்கியோட நிப்பாங்க தம்பி. எங்கேயோ மரத்தை டொம் டொம்முனு தட்டுற சத்தம் கேக்கும். அவங்கதான். காலையில வேலைக்குப் போனா நேத்துப் போட்ட கல்லை எடுத்து வீசியிருப்பாங்க. எங்க ஆளு ரெண்டு பேரு அம்பு பட்டுச் செத்தான். அந்தப் பக்கம் எத்தனை பேருன்னு யாரு எண்ணுனா?"

"பயமா இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"பயந்தான். ஆனா கோவம் வரலே. நம்ம வீட்டு அடுப்படி வழியா ஒருத்தன் வண்டித் தடம் போட்டா நாம சும்மா இருப்பமா? அவன் கல்லை எடுத்து வீசுனது நியாயந்தானே. எனக்குக் கூலி வேணும், வந்தேன். அவ்வளவுதான்."

அவர் பேரன் காரில் கூட்டிப் போகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியும், முடிந்த சாலையில் அவர் பிரயாணமாகப் போனதில்லை. மாயாபந்தரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கப்பலில்தான் போவார்.

அவர் சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ரங்கத்திலும் டிக்லிப்பூரிலும் இருப்பவர்களுக்கு இந்தச் சாலை விளையாட்டல்ல. அரிசியும் மருந்தும் அதில்தான் போகின்றன. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைப் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேறு வழி என்ன? சாலையை மூடு என்று இங்கே உட்கார்ந்து சொல்வது சுலபம். சாலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை நீதிமன்றமும் நிர்வாகமும் பார்த்துக்கொள்ளட்டும். பிரசவத்துக்குப் போகிறவர்களும் பிக்னிக் போகிறவர்களும் ஒன்றல்ல என்பது மட்டும் நம் கையில் இருக்கிற விஷயம்.

அந்தக் கணக்கு

போன வருஷம் மதுரையிலிருந்து வந்த உறவுக்காரர்களோடு சேர்த்து நாங்கள் பதினாறு பேர். "நாலு கார் எடுத்துடலாம் மாமா, அவங்கவங்க குடும்பம் அவங்கவங்க கார்ல சௌகரியமா வரட்டும்" என்றார் மருமகன். சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் வேறு, "அதிர்ஷ்டம் இருந்தா காட்டுவாசிகளையும் பாக்கலாம் சார்" என்று ஆசை காட்டினார். மதுரைக் குழந்தைகள் உடனே குதிக்க ஆரம்பித்துவிட்டன.

நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாலு கார், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. மொத்தம் எட்டு முறை அந்தக் காட்டுக்குள் எங்களுக்காக வண்டி ஓடும். அதையே அரசாங்க பஸ்ஸில் போனால்? அந்த பஸ் நாங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடத்தான் போகிறது. எங்களுக்கென்று கூடும் ஓட்டம் பூஜ்யம். திரும்பி வர ஏரியல் பே துறைமுகத்திலிருந்து கப்பல். அதிலும் பூஜ்யம்.

"எல்லாரும் பஸ்ஸில் ஏறினால் இன்னொரு பஸ் விடுவார்களே மாமா?" என்று மடக்கினார் மருமகன். விடட்டுமே! பத்துப் பன்னிரண்டு கார்கள் ஓடும் இடத்தில் ஒரே ஒரு பஸ் கூடினால் அதுவும் லாபந்தானே. காரை வாடகைக்கு எடுத்து, திரும்பும்போது மட்டும் நாம் கப்பலில் வந்தால் தோஷம் பாதி கழிந்தது என்று நினைக்கலாம். அதுவும் சரியில்லை. கார் காலியாகவாவது அதே காட்டு வழியாகத்தானே திரும்ப வேண்டும்? ஆளை எண்ணக் கூடாது, வண்டியை எண்ண வேண்டும். ரயில்வேயில் பாதை தேய்வதைக் கணக்கிடும்போது பயணிகளின் தலையை எண்ண மாட்டோம். ஓடிய வண்டிகளின் பாரத்தைத்தான் எண்ணுவோம்.

ஆகவே இந்தப் பிரயாணத்துக்கு என் சூத்திரம் இது: ஜிர்காடாங் கதவைத் தாண்டி நம் பொருட்டு ஒரு வண்டிகூட அதிகமாகப் போகாதபடி திட்டம் போடுவது உத்தமம். வயதானவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் மூன்று காருக்குப் பதில் ஒரே வேன் என்பது மத்திமம். ஜாரவாக்களைப் பார்ப்பதற்கென்றே போவது, அது கூடவே கூடாது.

மதுரைக் குழந்தைகளிடம், "நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே தினம் நூறு பேர் வண்டியில வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். பெரியவளுக்கு ஒன்பது வயது. "கதவைச் சாத்திக்குவேன் தாத்தா" என்றாள். அவர்களுக்குச் சாத்திக்கொள்ளக் கதவு இல்லையே, அதனால்தான் ஜிர்காடாங்கில் சர்க்கார் ஒரு கதவு போட்டிருக்கிறது என்றேன். அதற்கப்புறம் அந்தக் குழந்தைகள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பெரியவர்களுக்குப் புரிய வைக்கத்தான் நேரம் பிடித்தது.

நாள்வாரித் திட்டம்

முதல் நாள்: மோகன்புரா பஸ் நிலையத்திலிருந்து அதிகாலை பஸ். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். முதல் கதவு திறக்கும்போது காட்டுக்குள் நுழைந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸையே படகில் ஏற்றி அக்கரை கொண்டுபோவார்கள். அதுதான் பாராடாங், நீலாம்பூர் துறை. இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். சதுப்புநிலக் காட்டின் நடுவே சிறு படகில் போய்ச் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கலாம். இருபுறமும் அலையாத்தி மரங்கள் பந்தல் போட்டது போல் கவிந்திருக்கும். சேற்று எரிமலை என்று ஒன்று உண்டு; பெயரைக் கேட்டுப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், சேறு குமிழி விட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். குகைக்குப் படகு உள்ள நாட்களை முன்பே விசாரித்து வையுங்கள்.

பிற்பகலில் உள்ளூர் வண்டியிலோ அடுத்த பஸ்ஸிலோ ரங்கத்துக்குப் போகலாம். வழியில் ஹம்ஃப்ரி ஸ்ட்ரெய்ட் மேல் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமான பாலம் எழும்பியிருக்கிறது. உப்பங்காற்றில் இரும்பு எப்படி நிற்கும் என்று மண்டபம் பக்கம் பாம்பன் பாலத்தையே பார்த்து வளர்ந்த என் கண் அதை விட்டு அகலவில்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: பாராடாங்கைத் தாண்டினாலும் கதம்தலா வரை ஜாரவா வனம் பக்கத்திலேயே வருகிறது. அங்கும் அதே மரியாதை.

இரண்டாம் நாள்: ரங்கத். காலையில் ஆம்குஞ்ச் கடற்கரை, பிறகு தானிநல்லா. அங்கே அலையாத்திக் காட்டின் ஊடே மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். அரை கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் கடற்கரையில் கொண்டு விடும். பக்கத்தில் கத்பர்ட் பே, ஆமைகள் முட்டையிட வரும் இடம். ரங்கத்தில் வங்காளிகளும் தமிழர்களும் மலையாளிகளும் ராஞ்சிக்காரர்களும் கலந்து வாழ்வதைக் கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்றாலே பார்த்துவிடலாம். தமிழில் விசாரித்தால் தமிழிலேயே பதில் வரும்.

மூன்றாம் நாள்: மாயாபந்தர். வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம். இங்கே வேபி என்ற கிராமத்தைத் தவறாமல் பாருங்கள். 1925-இல் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்ட கரேன் குடும்பங்களின் ஊர். நூறு வருஷம் ஆகியும் மொழியையும் சமையலையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் தமிழ் படிக்க மறுக்கும்போது அவர்களை உதாரணம் காட்டலாம். கர்மாடாங் கடற்கரையில் மாலைப் பொழுதைக் கழிக்கலாம்.

நாலாம் நாள்: டிக்லிப்பூர். ஆஸ்டின் ஸ்ட்ரெய்ட் மேல் உள்ள செங்கப்பா பாலத்தைக் கடந்தால் வடக்கு அந்தமான். அந்தப் பாலம் வரும்வரை மாயாபந்தரிலிருந்து காளிகாட்டுக்குப் படகில்தான் போக வேண்டியிருந்தது. வழி நெடுக நெல் வயல். தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கண் நிறையும்.

ஐந்தாம் நாள்: ஏரியல் பேயிலிருந்து படகில் ராஸ், ஸ்மித் இரட்டைத் தீவுகள். நடுவே வெண்மணல் திட்டு ஒன்று பாலமாக இருக்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். சாயங்காலம் காளிப்பூர் கடற்கரை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் ராத்திரியில் ஆமைகள் கரையேறுவதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. கால்களில் பலம் உள்ள இளைஞர்கள் இந்தத் தீவுக் கூட்டத்திலேயே உயரமான சாடில் சிகரம் ஏறலாம். உயரம் சுமார் 732 மீட்டர். என் போன்ற எஞ்சினியர்களுக்குக் கல்பாங் ஆற்று நீர்மின் நிலையம். 2001-இல் ஓட ஆரம்பித்தது, 5.25 மெகாவாட். சிறியதுதான், ஆனால் தீவில் ஆற்றைக் கட்டி மின்சாரம் எடுப்பது சாமானியமல்ல.

ஆறாம் நாள்: ரெக்கவரி டைம்! ரயில்வே அட்டவணையில் கடைசி இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே பத்து நிமிஷம் கூடுதலாகப் போட்டு வைப்போம். வழியில் ஏற்பட்ட தாமதத்தை அது விழுங்கிவிடும். இங்கே அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். படகு தாமதம், சாலை வேலை, கடல் கொந்தளிப்பு, ஏதாவது ஒன்று வராமல் இருக்காது.

ஏழாம் நாள்: ஏரியல் பேயிலிருந்து அரசுக் கப்பல். தினமும் கிடையாது, வாரத்தில் சில நாட்கள்தான். ஆகவே முதலில் கப்பல் நாளைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கிளம்பும் நாளை வையுங்கள். போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே துறையில் விசாரித்தால் சொல்வார்கள். டெக்கில் நின்றுகொண்டு இத்தனை நாள் வந்த தீவுகளைக் கடல் பக்கத்திலிருந்து பார்த்தபடி திரும்புவது தனி அனுபவம்.

சில குறிப்புகள்

ஜனவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரை நல்ல காலம். மே மாதம் மழை பிடித்துக்கொண்டால் சாலையும் கெடும், கடலும் கெடும். பங்குனி உத்திரத்தை ஒட்டி வைக்காதீர்கள். வீட்டில் ஒருவரும் வர மாட்டார்கள்.

கதவு திறக்கும் நேரம் அவ்வப்போது மாறக்கூடும். முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் கூடாது. முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது. செல்போன், காமிரா எல்லாம் பைக்குள். வாழைப்பழமோ பிஸ்கட்டோ துணியோ எதையும் நீட்டக் கூடாது; அது தர்மமல்ல, சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்குக் காய்ச்சல், சளி, அம்மை எது இருந்தாலும் பிரயாணத்தைத் தள்ளி வையுங்கள்.

இங்கே பொழுது சீக்கிரம் சாயும். குளிர் மாதங்களில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. சென்னை வழக்கத்தில் ஆறரை மணிக் கணக்கில் திட்டம் போட்டால் கடற்கரையில் தடவிக்கொண்டுதான் நடக்க வேண்டும். உப்பங்கழிகளில் முதலை உண்டு. கண்ட இடத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள உறவினர்கள் வந்தால் அவர்களுக்கான விதிகளை நிர்வாகத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் எல்லோரும் இந்தத் தீவுக்கு எங்கிருந்தோ வந்தவர்கள்தான். கூலிக்கு வந்தவர்கள், வியாபாரத்துக்கு வந்தவர்கள், பர்மாவையும் இலங்கையையும் விட்டு வர நேர்ந்தவர்கள். கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைக் கேட்டால், வீடு வாசல் என்று இருந்த இடம் ஒரே நாளில் நமதில்லை என்று ஆவது எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். பிறத்தியார் வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜிர்காடாங் கதவைத் தாண்டும்போது அந்த ஞாபகம் இருந்தால் போதும்.

டிக்லிப்பூர் அழகான ஊர். அவசியம் போய் வாருங்கள். கப்பல் நாளையும் பஸ் நேரத்தையும் குறித்து எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கக் கட்டடத்துக்கு வந்தால் நான் அங்கேதான் இருப்பேன். உட்கார்ந்து கணக்குப் போடலாம்.